ஒரே மேசையில் மூவர்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு மாலைப்பொழுது. செபமாலை முடிந்து, ஆலயக் கதவைச் சாத்திவிட்டுப் பங்கு இல்லத்தின் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். வேளாங்கண்ணித் திருவிழாவிற்காகக் காவி உடுத்தி நடந்து செல்லும் திருப்பயணிகள் கூட்டமொன்று, ‘மரியே வாழ்க’ என்று முழங்கியவாறு எங்கள் ஊர்ச் சாலையைக் கடந்து போயிற்று. அவர்களுக்குத் தண்ணீர் வழங்கிவிட்டு வந்த இளைஞன் ஒருவன், ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்றான். எங்கள் பங்கின் மேலத் தெருவைச் சேர்ந்தவன். மதுரை நகரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவன்.

“தோத்திரம் சாமி.”

“வா தம்பி. போர்த்துக்கல் நாட்டிலிருந்து திரும்பியவன் இத்தனை நாளாகக் கண்ணிலேயே படவில்லையே?”

“சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது சாமி. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியாமல் இருந்தேன்.”

அன்று இரவு வெகுநேரம் அவன் பேசினான், நான் கேட்டேன். முடிவில் அவன் ஒரு கேள்வி கேட்டான். அக்கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அவன் பயணத்தையும் அவன் கேள்வியையும் நம் இதழை வாசிக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை என்று எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

இளைஞர் நாளும் ஏற்கும் இல்லங்களும்

அவன் சென்றது லிஸ்பன் மாநகரில் 2023 ஆகஸ்டு 1 முதல் 6 வரை நடைபெற்ற உலக இளைஞர் நாள் விழாவிற்கு. 2022-இல் நடந்திருக்க வேண்டிய இவ்விழா, கொள்ளைநோயின் காரணமாக ஓராண்டு தள்ளிப்போயிற்று.

இவ்விழாவின் வரலாற்றைச் சிலர் அறியாதிருக்கலாம். 1984-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று, மீட்பின் புனித ஆண்டு நிறைவுற்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஓர் எளிய மரச் சிலுவையை இளைஞர் கையில் ஒப்படைத்து, உலகெங்கும் கொண்டு செல்லுமாறு பணித்தார். மறு ஆண்டு, 1985-இல், ஐக்கிய நாட்டுச் சபை அறிவித்த உலக இளைஞர் ஆண்டை முன்னிட்டு, குருத்து ஞாயிறன்று உரோமையில் இளைஞர் திரண்டனர். அந்த ஆண்டின் டிசம்பரில் திருத்தந்தை இதனைத் திருச்சபையின் நிலையான விழாவாக்கினார். 1987-இல் புவனோஸ் ஐரஸ், 1989-இல் சந்தியாகு தே கொம்போஸ்தெலா, 1991-இல் செஸ்டகோவா, 1993-இல் டென்வர், 1995-இல் மணிலா என்று அது நாடு நாடாகச் சென்றது. மணிலாவின் நிறைவுத் திருப்பலியில் 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடினர் என்று மதிப்பிட்டார்கள்.

1997-இல் பாரிசு நகரில் விழா நடந்தபோது ஒரு புதிய வழக்கம் தோன்றியது. விழா வாரத்திற்கு முன்னால் சில நாள்கள், வெளிநாட்டு இளைஞர்கள் அந்நாட்டின் மறைமாவட்டங்களுக்குப் பிரிந்து சென்று, அங்குள்ள குடும்பங்களின் இல்லங்களில் தங்குவர். அவர்கள் விடுதியில் தங்குவதில்லை. முன்பின் அறியாத குடும்பத்தாரின் கூரையின் கீழ், அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் செபிக்கும்போது உடன் செபிப்பர். பிரான்சு நாட்டின் தேசே சபையாரும் 1978 முதல் ஆண்டு இறுதியில் ஐரோப்பிய நகரங்களில் நடத்தும் இளைஞர் கூட்டங்களில் இதே முறையைக் கையாளுகின்றனர். அச்சபையாரின் பன்னாட்டு இளைஞர் கூட்டம் 1985-இலும் 1988-இலும் நம் சென்னையிலேயே நடைபெற்றதை மூத்தோர் நினைவுகூர்வர்.

பாட்டி கொடுத்த சாவி

எங்கள் இளைஞன் தங்கியது வட போர்த்துக்கலில் ஒரு சிற்றூர். திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் சூழ்ந்த கல் வீடு. வீட்டில் ஒரு முதியவரும் அவர் துணைவியாருமே இருந்தனர்; பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குச் சென்றுவிட்டார்கள். அதே வீட்டில் மற்றொரு விருந்தினனும் இருந்தான். அவன் பிலிப்பீன் நாட்டைச் சேர்ந்தவன், வயது 22.

“முதல் நாள் மூவரும் மூன்று ஊமைகளைப் போல இருந்தோம் சாமி. பிலிப்பீன் தம்பிக்கு ஆங்கிலம் நன்றாக வரும், எனக்கு அரைகுறை. பாட்டிக்கோ ஒரு சொல்லும் வராது. கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினோம். கண்ணாடி இல்லாமல் பாட்டியால் அதைப் படிக்க முடியவில்லை.”

பிறகுதான் வியப்பு நிகழ்ந்தது. பாட்டியார் உணவு பரிமாற வந்து, தட்டுகளை வைக்கும் பலகையைத் தட்டி, ‘மேஸா’ என்றார். இவன் திடுக்கிட்டு, ‘மேசை!’ என்றான். காற்று வரட்டும் என்று எழுந்து கதவைத் திறந்து, ‘ஜனேலா’ என்றார். இவன் ‘ஜன்னல்!’ என்றான். பாட்டியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வீடு முழுவதும் இவனை இழுத்துச் சென்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாராம். அலமாரி, துவாலை, கோப்பை என்று இவன் பாதியைப் புரிந்துகொண்டான். பிலிப்பீன் இளைஞனும், ‘எங்கள் ஊரிலும் இதற்கு மேசா என்றே பெயர்’ என்று கூவினான். 1565 முதல் 1898 வரை அவன் நாட்டை ஆண்ட ஸ்பானியர் விட்டுச் சென்ற சொல் அது. நமக்கோ போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து சேர்ந்தது. மூன்று நாட்டார், மூன்று மொழியினர். உட்கார்ந்து உண்ணும் பலகைக்கு மட்டும் மூவர் வாயிலும் ஒரே பெயர்!

உணவும் அந்நியமாக இல்லை. கீரையை நூல் போல அரிந்து உருளைக்கிழங்குடன் காய்ச்சிய கஞ்சி. சோளமாவு கலந்த ரொட்டி. உப்பிட்டு உலர்த்திய மீனை ஊறவைத்துச் சமைத்த குழம்பு. “நம்ம ஊர்க் கருவாட்டுக்கு அது அண்ணன் முறை சாமி” என்று சொல்லிச் சிரித்தான்.

முதல் நாள் இரவு உறங்கப் போகுமுன் பிலிப்பீன் இளைஞன் பாட்டியாரின் முன்னால் குனிந்து, அவருடைய கையைப் பற்றித் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பெரியோரிடம் ஆசி பெறும் அவர்கள் நாட்டு வழக்கம் அது. அதைக் கண்ட எங்கள் பிள்ளையும், இங்கே தன் தாயிடம் செய்வதுபோல், முழந்தாளிட்டு நெற்றியைக் காட்டினான். பாட்டியார் கட்டை விரலால் அவன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். “எங்கள் அம்மா வரைவது போலவே இருந்தது சாமி. அந்நேரம் எனக்கு அழுகை வந்துவிட்டது.”

இரண்டாம் நாள் மாலையில் ஊர் ஆலயத்தில் திருவிழிப்பு. திரும்பி வர நள்ளிரவாகும். இளைஞர் இருவரும் புறப்படுகையில் பாட்டியார் ஒரு பெரிய இரும்புத் திறவுகோலை இவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். வேறென்ன, சாவிதான்! அந்தச் சொல்லும் அவர்களுடையதே. “முந்திய நாள் வந்த எங்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தாத்தாவும் பாட்டியும் உறங்கப் போய்விட்டார்கள் சாமி” என்று இவன் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

லிஸ்பனின் மகன், மறவ நாட்டின் விருந்தினர்

லிஸ்பன் விழாவிற்கெனத் தேர்ந்துகொள்ளப்பட்ட பாதுகாவலர்களுள் நம் புனித அருளானந்தரும் ஒருவர். இது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1647 மார்ச்சு 1-ஆம் நாள் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1673-இல் கடல் கடந்து கோவா வந்து, மறு ஆண்டு மலையாளக் கரையிலிருந்து மேற்கு மலைத்தொடரை நடந்தே கடந்து மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்த அந்த யோவான் தெ பிரிட்டோதான் நம் அருளானந்தர். லிஸ்பனின் அல்வலாடே பகுதியில் அவர் பெயரால் ஒரு பங்கு ஆலயம் உள்ளது. எங்கள் இளைஞன் பிலிப்பீன் நண்பனையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்று, ‘ஓரியூர் மண்ணிலிருந்து வந்திருக்கிறோம்’ என்று சொல்லி வேண்டிக்கொண்டானாம்.

அந்தப் புனிதரின் வாழ்வை விருந்தோம்பலின் கண்கொண்டு ஒருமுறை பாருங்கள். அன்றைய மதுரை மறைப்பணியில் குருக்களே இரு வகையினராய் வாழ்ந்தனர். பிராமணத் துறவிபோல் வாழ்ந்தோர் தாழ்த்தப்பட்டோரின் இல்லம் செல்ல இயலாது. பண்டாரசாமிகள் எனப்பட்டோரே எல்லாக் குலத்தாரோடும் பழகக்கூடியவர்கள். அருளானந்தர் பண்டாரசாமியாக வாழ்ந்தார். காவி உடுத்தி, புலால் நீத்து, பாயின்றி நிலத்தில் படுத்து, ஊர் ஊராக நடந்தார். 1686-இல் மங்கலத்தில் பிடிபட்டு வதைக்கப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டார். சபைப் பணி நிமித்தம் 1687-இல் லிஸ்பன் சென்றபோது, அரசராகிவிட்ட அவருடைய பால்ய நண்பர் இரண்டாம் பேதுரு அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அரண்மனையை விட மறவ நாட்டுக் குடிசைகளே அவருக்குப் பெரிதாகத் தோன்றின. 1690-இல் மீண்டும் வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் பாம்பாற்றங்கரையில் ஓரியூரில் தலை கொடுத்தார். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

ஆக, லிஸ்பன் ஈன்ற மகனுக்கு நம் முன்னோர் திண்ணை தந்தனர். 330 ஆண்டுகளுக்குப் பின் நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்நாட்டார் சாவி தந்தனர். கடன் திருப்பப்பட்டுவிட்டது என்று நான் மகிழ்ந்திருந்த நேரத்திலேதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

விடை கூற இயலாத கேள்வி

“சாமி, ஆகஸ்டு 3-ஆம் நாள் வரவேற்பு விழாவில் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையில் எல்லாருக்கும் இடமுண்டு என்று சொல்லி, ‘எல்லாரும்’ என்ற சொல்லை எங்களையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். நானும் பிலிப்பீன் தம்பியும் தொண்டை கட்டும் அளவுக்குச் சொன்னோம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.”

சற்று நேரம் பேசாதிருந்தான்.

“அந்தப் பாட்டி என் குலம் என்னவென்று கேட்கவில்லை. எனக்கு 24 வயதாகிறது. கீழத் தெருவில் என்னோடு மறைக்கல்வி படித்தவன் வீட்டில் இன்றுவரை ஒரு வேளை சோறு உண்டதில்லை. வாசலில் நின்று பேசியிருக்கிறேன், உள்ளே போனதில்லை. திருநாள் அசனத்தை ஒரே அடுப்பில் பொங்குகிறோம். இரண்டு பந்தல்களில் உட்கார்ந்து உண்கிறோம். ஒரே பீடத்தில் ஒரே நற்கருணை வாங்கும் நாம், ஒரே பந்தியில் ஏன் சாமி உட்காரக்கூடாது?”

அன்பர்களே, நான் குருவாகி கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இரு தெருவினர் வீட்டிலும் உண்டிருக்கின்றேன். இரு பந்தல்களிலும் அசனத்தை மந்திரித்திருக்கின்றேன். இரண்டு பந்தல்கள் இருப்பதை நான் காணாமலில்லை. பீடத்திலிருந்து அதைப் பேசினால் திருவிழா நின்றுவிடுமோ, கோவில் பூட்டப்பட்டுவிடுமோ என்று அஞ்சி வாளாவிருந்தேன். அமைதி காப்பதாக என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது கோழைத்தனம் என்பதை அந்தப் பிள்ளையின் கேள்வி எனக்கு உணர்த்திற்று.

திருச்சபை இதைப்பற்றிப் பேசாமலில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமையில் திருத்தந்தையைச் சந்தித்தபோது, இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிக் காழ்ப்பின் சாயலும் இருத்தலாகாது என்று வெளிப்படையாகவே கூறினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டிற்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஆயினும் அறிக்கை மறைமாவட்ட அலுவலகம் வரை வரும். வீட்டு வாசற்படியைத் தாண்டி அடுக்களைக்குள் செல்ல வேண்டுமானால், அங்கே அதை அழைத்துச் செல்ல ஒரு குடும்பம் வேண்டும்.

ஒன்றை எண்ணிப் பார்த்தேன். மேசையையும் சாவியையும் நமக்குத் தந்த அதே போர்த்துக்கீசிய மொழிதான், நம் பிரிவினைக்கும் உலகறிய ஒரு பெயர் தந்தது. நம் குலப் பிரிவுகளைக் கண்டு ‘காஸ்தா’ என்று அவர்கள் எழுதி வைத்ததே ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ ஆயிற்று. மேசையை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். யார் அதில் உட்காரலாம் என்ற பழைய கணக்கை மட்டும் நாம் மாற்றவில்லை.

பதினான்கு வீடுகள்

வழியையும் அவனே சொன்னான். “அங்கே பங்குப் பேரவையில் வீடுகளின் பட்டியல் எழுதினார்கள். வருகிறவன் யார் என்று வீட்டாருக்குத் தெரியாது; வீடு எது என்று வருகிறவனுக்கும் தெரியாது. நாமும் அப்படிச் செய்யலாமே சாமி.”

ஆண்டுதோறும் அருளானந்தர் திருநாளுக்கென அண்டைப் பங்கு மக்கள் ஓரியூருக்கு நடந்து செல்கையில், ஓர் இரவு எங்கள் ஊரில் தங்குவது வழக்கம். இதுவரை ஆலய மண்டபத்திலேயே படுத்து எழுந்து போவர். அவர்களும் எங்களைப் போலவே பல தெருவினர். 2024 பிப்ரவரி முதல் நாள் இரவு அவர்களை வீட்டுக்கு இருவராகப் பிரித்து அனுப்புவது, யார் எந்த வீட்டுக்கு என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்வது என்று பங்குப் பேரவையில் முன்மொழிந்தேன்.

பெரியவர் ஒருவர் எழுந்தார். “மண்டபம் பெரிதாக இருக்கிறதே சாமி. அங்கேயே படுக்கட்டும். சோறு எத்தனை படி வேண்டுமானாலும் நாங்கள் அனுப்பி வைக்கிறோம்” என்றார். அவர் நல்லவர், கொடை தயங்காதவர். சோற்றை வெளியே அனுப்புவது நமக்கு எளிது, ஆளை உள்ளே அழைப்பதுதான் அரிது என்று மட்டும் சொன்னேன். விவாதம் மூன்று கூட்டங்கள் நீடித்தது. கட்டாயம் இல்லை, மனமுள்ளோர் பெயர் தரலாம் என்று முடிவாயிற்று. இரு தெருக்களிலுமாக 14 வீட்டார் பெயர் தந்தனர்.

அன்று மாலை வந்தவர்கள் 28 பேர். சிறு குழந்தை ஒன்று பெட்டியிலிருந்து சீட்டெடுத்தது.

நடந்ததை மிகைப்படுத்த மாட்டேன். ஒரு வீட்டில் விருந்தினருக்குக் காகிதத் தட்டில் சோறு வைத்தார்கள். வீட்டார் தட்டுகள் அலமாரியிலேயே இருந்தன. தட்டைக் கழுவ வேண்டாமே என்று காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் அவர்களுக்கும் தெரியும், உண்டவர்களுக்கும் தெரியும். மற்றொரு வீட்டார் சீட்டைப் பார்த்துவிட்டு, திடீரென்று மாமியாருக்கு உடல்நலமில்லை என்று சொல்லி விலகிக்கொண்டனர். அவ்வீட்டுக்குரிய இருவரும் என்னோடு பங்கு இல்லத்தில் தங்கினர்.

எங்கள் இளைஞன் வீட்டிலும் பெயர் தந்திருந்தார்கள். அவன் தாயார் மாலையிலேயே என்னிடம் வந்தார். “சாமி, வருகிறவர்கள் என் கைச் சோற்றை உண்ணுவார்களா? வேண்டாம் என்று எழுந்து போய்விட்டால் என் பிள்ளை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?” என்று கேட்டார். விருந்தினரை ஏற்க மனமில்லாதவரின் அச்சத்தை நான் அறிந்திருந்தேன். விருந்தினரால் ஏற்கப்படாமற் போவோமோ என்று அஞ்சும் அச்சத்தை அன்றுதான் அறிந்தேன்.

அவர்கள் வீட்டுக்குச் சீட்டு விழுந்தது ஒரு முதியவருக்கும் அவர் பேரனுக்கும். முதியவர் வேறு தெருவினர். வாசற்படியில் சற்று நின்றார். நெடுந்தொலைவு நடந்த கால்கள் கொப்புளித்திருந்தன. “அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர்” என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கவில்லை. வாய் வைத்தே குடித்தார். பிறகு உள்ளே வந்து, பேரனை அருகில் இருத்திக்கொண்டு, “நீயும் உட்காரம்மா, சேர்ந்து உண்போம்” என்றாராம். அந்த வீட்டில் மேசை கிடையாது. தரையில் இலை போட்டு ஐவரும் உண்டனர். விடியற்காலையில் புறப்படும்போது முதியவர் அந்த இளைஞனின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்த அந்தத் தாய் என்னிடம் எதுவும் பேசவில்லை. நன்றித் திரியாக ஒரு மெழுகுதிரியை மட்டும் ஏற்றிவிட்டுச் சென்றார்.

2025 பிப்ரவரியில் 19 வீடுகள் கதவு திறந்தன. முன்னர் காகிதத் தட்டு வைத்த அதே வீட்டில், அவ்வாண்டு எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டுகளே வைக்கப்பட்டன. அதைக் குறித்து யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்கள் பங்குத் திருநாள் அசனத்தில் இன்னும் இரண்டு பந்தல்கள் உள்ளன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். ஆனால் இப்பொழுது அதனைப் பீடத்திலிருந்து பேசுகின்றேன். கோவிலை எவரும் பூட்டவில்லை.

குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

விருந்தோம்பல் நமக்குப் புதிதன்று. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். விருந்தினர் வருகையில் கிறிஸ்துவே வருவதாக எண்ணி ஏற்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு விதித்தார். லிஸ்பன் விழாவின் கருப்பொருளாக அமைந்த நற்செய்திப் பகுதியும், மரியன்னை மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தம்மாளின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கிய நிகழ்ச்சிதான். மீட்பரைச் சுமந்த தாயே மற்றொருவர் வீட்டு வாசலில் நின்றார் என்றால், நம் வாசலில் வந்து நிற்பவரை எந்தத் தெரு என்று கேட்க நாம் யார்?

அடுத்த உலக இளைஞர் நாள் 2027 ஆகஸ்டில் கொரிய நாட்டின் சியோல் நகரில் நடைபெற இருக்கின்றது. நம் மறைமாவட்டப் பிள்ளைகள் சிலர் செல்லக்கூடும். அங்கும் ஏதோ ஒரு வீட்டார் அவர்களை உள்ளே அழைத்து அமர்த்துவர். திரும்பி வந்தபின் அவர்கள் நம்மிடமும் இதே கேள்வியைக் கேட்பர். அதற்குள் விடையை ஆயத்தம் செய்து வைப்போம். இந்த மாதத்தில் ஒரு ஞாயிறன்று, இதுவரை நம் வீட்டில் உண்ணாத ஒரு குடும்பத்தை அழைப்போம். அவர்கள் அழைத்தால் நாமும் சென்று உண்போம். இரண்டாவதே சிலருக்குக் கடினம் என்பதை நான் அறிவேன். ஆகவே அதனையே முதலில் செய்யுங்கள்.

எம்மாவுஸ் ஊருக்குச் சென்ற சீடர் இருவரும் வழி நெடுக ஆண்டவரோடு பேசியும் அவரை அறிந்துகொள்ளவில்லை. பொழுது சாய்ந்தபோது, முன்பின் அறியாத அந்த வழிப்போக்கரை வற்புறுத்தித் தங்களோடு தங்கச் செய்தனர். பந்தியில் அமர்ந்து அப்பத்தைப் பிட்ட நேரத்திலேதான் அவர்கள் கண்கள் திறந்தன. அவர்கள் அவரை வாசலோடு அனுப்பியிருந்தால், உயிர்த்த ஆண்டவர் தங்கள் ஊர் வழியே கடந்து போனதை அறியாமலேயே உறங்கியிருப்பர்.